பிடுங்காமல் விட்ட இரண்டு வரிசை

பெரியவளுக்குத் தன் ஓரகத்தியின் நிலத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்தால் வயிறு எரியும். அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு வேலிதான் விழுந்தது. மண்ணும் ஒன்று, தண்ணீரும் ஒன்று. ஆனாலும் சின்னவளின் பீன்ஸை விதைக் கம்பெனிக்காரர் ஒவ்வொரு பருவமும் சிரித்த முகமாக எடுத்துக்கொள்வார். பெரியவளுடையதை உரித்து, ஊசி குத்தியதுபோல் புள்ளி விழுந்த பருப்பை விரலில் உருட்டுவார்.

"நாத்தப் பூச்சி உறிஞ்சியிருக்கும்மா. முளைக்காது. அடுத்த தடவையும் இப்படின்னா எங்க லிஸ்ட்லேர்ந்து உங்க பேரை எடுத்துடுவோம்."

அந்த அடுத்த தடவை இதுதான். வீட்டுக்காரர் லாரியோடு போய்விடுவதால் நிலம் முழுக்க அவள் பொறுப்பு. தன் பேர் போவதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். சின்னவள் பேர் மட்டும் நிற்கும் என்று நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

வேலி இடுக்கில் கண்ணை வைத்தாள். சின்னவள் மற்ற விதைப்புக்கு முன்னாலேயே ஓரத்தில் இரண்டு வரிசை மட்டும் விதைத்தாள். பெரியவளும் மறுநாளே விதைத்தாள். எதற்கென்று கேட்கவில்லை. கேட்டால் இறங்கிப்போனதாகிவிடும்.

குளிர் விட்டதும் பசியோடு வந்த பச்சை நாத்தப் பூச்சிகளுக்கு வேறெங்கும் காய் இல்லை. அந்த வரிசைகளில்தான் மொய்த்தன. இலைக்கு அடியில் மணி பதித்ததுபோல் முட்டையிட்டன. பொரிந்த குஞ்சுகள் முட்டை ஓட்டைச் சுற்றியே கும்பலாக உட்கார்ந்திருந்தன. பிறகு தோலை உரித்து உரித்துப் பெருத்தன.

ஒரு காலை சின்னவள் தன் இரண்டு வரிசையையும் வேரோடு பிடுங்கி, சாக்கில் திணித்துக் கொளுத்தினாள். பெரியவளுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அவளுடையது கெட்டுப்போச்சு, நம்முடையது நிற்கிறது.

சின்னவள் இன்னொரு வெறும் சாக்கோடு வேலியருகே வந்தாள்.

"அக்கா, உங்களோடதையும் பிடுங்கிடலாமா? நானும் கூட வரேன்."

"ஏன்டி, உன்னோடது போனா என்னோடதும் போகணுமா?"

"பூச்சியைக் கூப்பிட்டு வச்சு எரிக்கத்தானேக்கா அது. குஞ்சுக்கு இன்னும் இறக்கை வரல. வந்துடுச்சுன்னா..."

"வந்தா உன் வீட்டுக்கு விருந்துக்கா வரப்போகுது? போடி, கண்ணு வைக்காத."

சின்னவள் சாக்கை உதறி மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

வெயில் ஏறியது. கடைசித் தோலையும் உரித்த பூச்சிகளுக்கு இறக்கை வந்தது. அந்த இரண்டு வரிசையும் முற்றிக் காய்ந்த நேரத்தில், வேலிக்கு இரண்டு பக்கமும் மற்ற செடிகளில் பிஞ்சு பிடித்திருந்தது. பூச்சிகள் கிளம்பின. அவற்றுக்கு எது அண்ணன் பாகம், எது தம்பி பாகம்? போன இடமெல்லாம் முட்டையிட்டன. செடியைத் தொட்டால் பெரியவளின் கை சோப்புப் போட்டாலும் நாறியது.

விதைக்காரர் வந்தார். பெரியவளின் காயை உரித்துவிட்டு, "பேரை எடுத்துட்டேம்மா" என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் போனார். "என்னம்மா, நீங்களுமா? இந்தத் தடவை எடுக்க முடியாது."

அன்று பெரியவள் நன்றாகவே சாப்பிட்டாள். கை கழுவும்போதுதான் உறைத்தது. இந்தத் தடவை என்றார். அப்படியென்றால் சின்னவள் பேர் இன்னும் இருக்கிறது.

மறுபடி குளிர் தொடங்கியபோது சின்னவள் வேலியோரச் சருகை வாரிக்கொண்டிருந்தாள். பெரியவளால் பொறுக்க முடியவில்லை.

"எதுக்குடி இது?" வாய்விட்டுக் கேட்டே விட்டாள்.

"குளிருக்கு இதுக்குள்ளதான் ஒளிஞ்சுக்கும்க்கா. தப்பிச்சுப் பிழைக்கிறதுதான் அடுத்த வருஷம் முட்டை போடும்."

"அப்ப என் பக்கத்துச் சருகு?"

"அதை நினைச்சுத்தான் எனக்குத் தூக்கமே வரல."

பெரியவள் விளக்குமாறு எடுத்து வந்தாள். கொஞ்ச நேரம் வாரினாள். பிறகு நிமிராமலே, "அவர்கிட்ட என் பேரைச் சேர்க்கச் சொல்லுவியா?" என்றாள்.

"சொல்றேன்க்கா. உங்க காய் தப்பிச்சாத்தானே என் காயும் தப்பும்."

இதை எவ்வளவு லேசாகச் சொல்கிறாள் என்று பெரியவளுக்கு அதற்கும் எரிந்தது. அந்த எரிச்சலில் வாரியதில் அவள் பக்கம்தான் முதலில் சுத்தமானது.