இரண்டு மாத்திரை, ஒரே என்ஸைம்

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிக்கு இஸ்திரி போட்ட சட்டையும் கூசாத நாக்கும் போதும் என்று என்னைப் போலவே நம்பித் தோல்பை தூக்கிய சகாக்களே, எழுபதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்தில் நான் பட்டதைக் கேளுங்கள்.

வகுப்பு

நெஞ்சுப் படபடப்புக்குப் புது மாத்திரை வந்திருந்தது. கம்பெனி வகுப்பில் ஒரு பேராசிரியர், "ஹார்மோன்கள் செல்லுக்கு வெளியே வேறு வேறு இடத்தில் வந்து உட்காரும். ஆனால் பலவும் உள்ளே ஒரே என்ஸைமைத்தான் வேலை வாங்கும். ஒன்றைத் தொட்டால் மற்றதும் அசையும்" என்றார். நான் நோட்டில் கப்பல் படம் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த சீனியர் வரதன், நான் வாய்விட்டுச் சிரிக்கும்படி கிசுகிசுத்தார்: "நாம விக்கப்போறோம்ப்பா, முழுங்கப்போறதில்ல."

கேள்வி

ராயபுரம் டாக்டர் நல்லவர். வாசலில் எப்போதும் கூட்டம். ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டும் அந்தோணிக்கு ஆஸ்துமா இழுப்பு. என் கம்பெனியின் இழுப்பு மாத்திரையைத்தான் சாப்பிட்டு வந்தார். இப்போது படபடப்பும் சேர்ந்துகொண்டதாம். புது மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தெரியாது. "தாராளமா சார்! அது நுரையீரலுக்கு, இது நெஞ்சுக்கு. வேற வேற பாதை" என்றேன். அவர் எழுதிக்கொண்டே சொன்னார்: "நீங்க படிச்சுட்டுத்தானே வந்திருப்பீங்க."

பதில்

அடுத்த வாரம் போனபோது டாக்டர் மேஜையில் தடிப் புத்தகம் திறந்திருந்தது. இரண்டாவது மாத்திரையிலேயே அந்தோணிக்கு மூச்சடைத்து, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்ப் பிழைக்கவைத்திருந்தார்கள். இழுப்பு மாத்திரை மூச்சுக்குழாயில் எழுப்பிவிடும் என்ஸைமேதான் நெஞ்சிலும் இருக்கிறதாம். படபடப்பே அதனால் வந்ததுதானாம். புது மாத்திரை அந்த என்ஸைமை இரண்டு இடத்திலும் அடக்கிவிட்டது. திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன். புத்தகத்தை மூடினார். "உங்களைக் கேட்டேன் பாருங்க, அது என் தப்பு."

வீடு

எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் அந்தோணி வீட்டுக்குப் போனேன். தலையணைகளில் சாய்ந்து, பேச்சுக்கு நடுவே நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினார். மாத்திரைக் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதுமே அவர் மனைவி மேரியம்மா டீ போட உள்ளே ஓடினார். டம்ளரைக் கையில் வாங்கினேன். டீ நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அந்தோணி மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்: "நம்மள வூடு தேடி வந்து விசாரிக்கிறாரு பாரு, இந்தக் காலத்துல யாரு கீறாங்க இப்டி?"

அந்த வருஷம் படபடப்பு மாத்திரையை அதிகம் விற்றவன் என்று கம்பெனி எனக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தது, நானும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன்.