கலியாணப் பெண் கேட்ட ஊசி

எனக்கு வயது எழுபத்தொன்பது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. மற்ற இரண்டும் மகளின் பிள்ளைகள். தாயும் தகப்பனும் வேலைக்கு ஓட, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த குவேக்கர்ஸ் ஹில்லில் இந்த வீட்டில் என் கையால் உண்டு வளர்ந்தவர்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது, எழுத்து மெதுவாகத்தான் வரும். ஆனாலும் இதை வேறு ஆளைக் கொண்டு எழுதுவிக்க எனக்கு மனமில்லை.

மச்சாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் கணவரின் தங்கை. பிள்ளைகள் இல்லை, புருஷன் போன பிறகு எங்களோடு வந்து இருந்தாள். அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது, நான் வளர்த்த பேத்தியின் கலியாணத்துக்கு எங்கள் கராஜில் நடந்த பலகாரச் சூடு. காரை வெளியே விட்டு, நிலத்தில் பேப்பர் விரித்து, காஸ் அடுப்பில் பெரிய தாச்சியை ஏற்றியிருந்தோம். கலியாணப் பலகாரம் சுடுகிற இடத்தில் நாங்கள் செருப்புப் போடுவதில்லை. மச்சாள் பயற்றம் பணியாரம் சுட்டபடி, மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி ஏதோ பகிடி சொல்லிக்கொண்டிருந்தாள். கரண்டியிலிருந்து கொதியெண்ணெய் அவளுடைய கால்விரல்களில் வழிந்தது. அவள் கதையை நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டு அன்ரிதான் கண்டு, "ஐயோ அக்கா, காலில எண்ணெய்" என்றாள். மச்சாள் குனிந்து பார்த்துவிட்டு, "எந்தக் காலில?" என்று கேட்டாள். அதையும் பகிடி என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மச்சாளுக்கு நெடுநாளாகச் சலரோகம், அதுதான் நீரிழிவு. குளிசைகளுக்கு அடங்காத சீனி, வாரத்துக்கு ஒரு தடவை வயிற்றில் போடுகிற பேனை மாதிரியான ஊசிக்கு அடங்கியது. அதே ஊசி உடம்பையும் மெலிய வைக்கும் என்ற கதை பரவியபோது எங்கள் ஆட்கள் கோயில் வாசலில்கூட அதைப் பற்றியே பேசினார்கள். பிறகு மருந்துக்கடையில் ஊசிக்குத் தட்டுப்பாடு வந்தது. சலரோகக்காரி என்பதாலும், பழைய ஆள் என்பதாலும் மச்சாளுக்கு மட்டும் எப்படியோ ஒன்று எடுத்து வைத்திருப்பார்கள்.

பேத்தியையும் நான் குறை சொல்ல முடியாது. சின்ன வயதில் ஒரு கோப்பை சோறு கூடுதலாகத் தின்றால் "கெட்டிக்காரி" என்று சொன்னவர்கள் நாங்கள்தான். வளர்ந்த பிறகு குண்டு என்று சொன்னவர்களும் நாங்கள்தான். கலியாணத்துக்கு நாள் வைத்த கையோடு மாப்பிள்ளையின் பெரியம்மா வந்து, என் குசினிக் கதிரையில் இருந்து என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, "பிள்ளைக்கு ஒரு கூறைச்சேலை காணாது போல கிடக்கு, ரெண்டைப் பொருத்தித் தைப்பமோ?" என்று கேட்டாள். பிள்ளையும் கூடவே சிரித்தாள். பிறகு குளியலறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. அவளுடைய டொக்டரோ, உமக்கு இந்த ஊசி தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்.

அதன் பிறகுதான் அவள் மச்சாளிடம் கேட்டிருக்கிறாள். நாள் வைத்த பிறகு கலியாணப் பெண் வாய் திறந்து கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது. அது எங்கள் வீட்டு வழக்கம். மச்சாளும் ஒரு காலத்தில் கலியாணப் பெண்ணாய் என் காப்பைக் கேட்டு வாங்கியவள்தான். எனக்குக் கனக்க, மிஞ்சிப்போகிற அளவுக்குத் தருகிறார்கள், நீ கொண்டுபோ என்று சொல்லி, கடையிலிருந்து வந்த புது ஊசிகளை ஒன்றுவிடாமல் பிள்ளையின் கையில் கொடுத்திருக்கிறாள். கனக்க எப்படி வரும் என்று பிள்ளையும் கேட்கவில்லை. எண்ணெய் பட்ட காலைக் காட்ட டொக்டரிடம் போகச் சொன்னால், கலியாண வேலை முடியட்டும் என்பாள் மச்சாள்.

கலியாணத்தன்று பேத்தி கொடி மாதிரி நின்றாள். மாப்பிள்ளையின் பெரியம்மா அவளை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே நின்றாள். மச்சாள் காலில் கட்டோடு முன்வரிசையில் இருந்து பார்த்துச் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தை நான் பொய் என்று எழுத மாட்டேன்.

புண் ஆறவில்லை, கறுத்தது. ஆஸ்பத்திரியில் அவள் பாவிக்கிற மருந்துகள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார்கள். வீடு முழுக்கத் தேடினேன், ஒரு ஊசிகூட இல்லை. திரும்பிப் போய்க் கேட்டபோதுதான் உண்மையைச் சொன்னாள். முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே. ஊசியை நிறுத்தியதாலா என்று மகளைக் கொண்டு கேட்பித்தேன். கால் ஏற்கெனவே மரத்திருக்கிறது, ஊசி மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் அவ்வளவு சீனியோடு எந்தப் புண்ணும் ஆறாது என்றார் டொக்டர். அந்தப் பதிலோடுதான் நான் இன்றுவரை இருக்கிறேன். கிருமி இரத்தத்தில் ஏறி, குளிர்காலம் தொடங்க முதலே மச்சாள் போய்விட்டாள். போக முதல் என் கையைப் பிடித்து, "பிள்ளைக்குச் சொல்லிப்போடாதையுங்கோ மச்சாள். அவள் வாழ வேணும்" என்றாள். நானும் ஓம் என்றேன்.

மருந்தில் பிழை இல்லை. மொத்தமான உடம்போடு மூட்டும் நெஞ்சும் நோகிறவர்களுக்கு அது தேவைதான். ஆனால் எல்லாருக்கும் பத்தாத ஒரு பொருள் வரும்போது யார் விலகி நிற்பது? எங்கள் வீட்டில் யாரும் கேட்க முதலே மச்சாள் விலகி நின்றாள். எந்தப் பந்தியிலும் கடைசியாகச் சாப்பிட்டுப் பழகியவள்.

இப்போது எனக்கும் சீனி, எனக்கும் அதே ஊசி. போன சனிக்கிழமை பேத்தி கைக்குழந்தையோடு வந்தாள். பிள்ளை பெற்ற உடம்பு இறங்கவில்லையாம், மைத்துனியின் கலியாணம் வருகிறதாம். "அம்மம்மா, உங்களிட்ட எக்ஸ்ட்ராவா ஒண்டு இருக்கோ? ப்ளீஸ்" என்றாள். குரலில் ஒரு களங்கமும் இல்லை. அது எனக்குக் கத்தியாய் இறங்கியது. அவள் வாழத்தான் மச்சாள் என் வாயை அடைத்தாள். தெரியாமலே அவள் இன்னும் எத்தனை பேரிடம் கேட்கப் போகிறாள்? வாற கிழமை வா என்று சொல்லி அனுப்பிவிட்டு இதை எழுதத் தொடங்கினேன்.

பிள்ளை, எனக்குக் கண் மங்கல், எழுதியது சரியோ என்று தெரியவில்லை. பேரப்பிள்ளைகளில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். குழந்தையை என் மடியில் தந்துவிட்டு, இதை முதலிலிருந்து சத்தமாக எனக்கு வாசித்துக் காட்டு. வாசித்து முடித்த பிறகு, அந்த ஊசியை என்னிடம் இன்னொரு தடவை கேள்.