தொட்டியைக் கவிழ்த்த சவரிமுத்து

நேற்றுக் காலை செமோர் சந்தையருகே லாரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு வண்டிக்காரர் வந்து, "சடக்கு மேஸ்திரி சவரிமுத்து போயிட்டாரு லா அண்ணே. காய்ச்சல்" என்றார். போன வாரம்கூட என்னைப் பார்த்துச் சிரித்தாரே, பாவி மனுஷன்!

சாலையைச் சடக்கு என்கிற நம் ஊரில் அவரைத் தெரியாத வண்டிக்காரர் யார்? ஈப்போ போகிற சடக்கில், பாலத்தருகே மரத்தடியில் உட்கார்ந்து, மாட்டுவண்டிக்கு ஒரு ரப்பர் கொட்டை, மோட்டாருக்கு ஒரு கூழாங்கல் என்று டின்னில் போடுவார். எந்த நேரம் எங்கே வண்டிகள் நெரியும் என்று அதை வைத்தே சொல்லிவிடுவார். 'கொட்டை எண்ணி' என்று பட்டப்பெயர் வைத்தவனே நான்தான். பாலம் குறுகல், அதனால்தான் வண்டிகள் தேங்குகின்றன என்று துரை முதல் எல்லோரும் சொன்னோம். அவர் மட்டும், "பாலத்துக்கு முன்னாடி இருக்கிற தண்ணித் தொட்டிதான் காரணம். முத மாடு குடிக்க நின்னா, கடைசி வண்டி அரை மைலுக்கு அந்தாண்ட நிக்கும்" என்பார். யார் கேட்டது?

சுங்கை சிப்புட்டிலிருந்து என் மனைவியைப் பிரசவ வலியோடு லாரியில் ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்ற நாளில்தான் அது எனக்குப் புரிந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். பாலத்துக்கு முன்னே தோட்டத்து வண்டிகள் வரிசையாகத் தொட்டியை நெருங்கிக்கொண்டிருந்தன. விடாமல் ஹார்ன் அடித்தேன். சவரிமுத்து ஓடி வந்தார்.

"அடிக்காதீங்கண்ணே! மாடு மிரண்டு குறுக்க நிக்கும். மாடு நின்னா நீங்களும் நிப்பீங்க லா!"

"போய்க் கொட்டைய எண்ணுடா! உள்ள என் பொண்டாட்டி சாகுறா!"

எட்டிப் பார்த்தார். முன்னே ஓடி, அந்த மரத்தொட்டியைத் தோள்கொடுத்துக் கவிழ்த்தார். ஒரு வண்டிக்காரன் வெறிபிடித்துச் சாட்டையால் அவர் முதுகில் விளாசினான். ஆனால் தண்ணீர் இல்லாத இடத்தில் மாடு எதற்கு நிற்கும்? வண்டிகள் நடையைக் கட்டி, பாலம் தாண்டி ஓரம் ஒதுங்கின. நான் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

பிறகு சவரிமுத்து துரையிடம் கெஞ்சித் தொட்டியைப் பாலத்துக்கு அப்பால் மாற்ற வைத்தார். பாலம் இன்றும் அதே குறுகல்தான், நெரிசல்தான் இல்லை. அவரிடம் ஒரு மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெட்கக்கேடு.

இன்று அவர் சவப்பெட்டி அந்தப் பாலத்தைக் கடந்தது. அதன் பின்னால் லாரியை மெல்ல ஓட்டிச் சென்றேன். பக்கத்தில் இருந்த என் மகள், அன்று பிழைத்த அந்தப் பிள்ளை, ஹார்னின் ரப்பர் பந்தை அமுக்கக் கை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.

"ஏம்ப்பா?"

"இங்க அடிக்கக் கூடாதும்மா. மாமா சொல்லியிருக்காரு."

அவரை அறிந்தவர்களே, அவர் எனக்கு விட்டுச் சென்றது அந்த ஒரு சொல்லும், என் கைக்குள் இருந்த அந்தச் சின்னக் கையும்தான்.