இரட்டை முறுக்குப் பனியன்

மூன்றாம் வகுப்புப் படிப்போடு, ஓட்டுக் கொட்டகையில் ஒரே ஒரு பின்னல் மெஷினை வைத்து, திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டியவன் நான். கோலார் தங்க வயல்காரர்கள் சுரங்கச் சூட்டில் பனியனைக் கழற்றி, வியர்வையைப் பிழிந்து, திரும்பப் போடுவார்கள். அதைக் கேள்விப்பட்டு, பஞ்சில் குட்டை இழையைச் சீவித் தள்ளி, இரண்டு நூலைச் சேர்த்து முறுக்கிப் பின்னியவனும் நானே.

இப்போது சுரங்கம் மூடிக் கிடக்கிறது. தங்க வயலில் ஸ்கெலட்டன் என்ற பகுதியின் டீக்கடை பெஞ்சில் வேலை போன ஒருவர் என் பனியனோடு உட்கார்ந்திருக்கிறார். எப்படி உழைக்கிறது என்று கேட்கிறேன்.

"எத்தினி பிழிஞ்சாலும் தொங்காது பெரியவரே. வெள்ளைக்காரன் நூலாச்சே!"

"அது என் நூலுங்க."

"இன்னாங்க நீங்க! நாங்க தோண்டின தங்கத்துலயே எங்க பேரு இல்ல. உங்களுக்கு நூல்ல பேரு வேணுமா?"

வேண்டும். வெள்ளைக்காரன் போன பிறகு போட்ட முறுக்கு அது. இனி என் பேரைச் சொல்லுங்கள்.