மூடியைத் திறந்தால் நாறும்

“திருமதி பெரில் சக்டன்: அமைதியானவர், எவரோடும் இணங்கிப் போகிறவர்.” யார்க்‌ஷயரில் ஆளுக்கொரு துண்டு நிலம் குத்தகைக்குத் தரும் எங்கள் காய்கறித் தோட்டச் சங்கத்தின் ஆண்டு மலரில் இப்படித்தான் அச்சாகியிருந்தது. எழுதியவர் செயலாளர் டெஸ்மண்ட். பெரிலிடம் அவர் வாங்கிக் கட்டிக்கொள்ளாத வாரம் கிடையாது. அச்சில் ஏற்றிவிட்டால் ஆள் திருந்திவிடுவார் என்று நம்பினார் போலிருக்கிறது.

பெரிலுக்குத் தக்காளிதான் கவலை. கண்ணாடிக் கூடத்தில் செடிகள் காய் பிடித்துவிட்டன. இப்போது உரம் தவறினால் காய் கோலிக்குண்டு அளவிலேயே நின்றுவிடும். கடை உரத்தை அவர் கையால் தொடமாட்டார். வேலியோரத்துச் செந்தட்டியையும் காம்ஃப்ரி என்ற உரச்செடியின் இலையையும் அறுத்துப் பீப்பாயில் போட்டு, செங்கல்லால் அமுக்கி, தண்ணீர் விட்டு மூடியிருந்தார். அழுகிச் சாறு இறங்க இன்னும் ஒரு வாரமாவது வேண்டும்.

மூடியிருந்தவரை நாற்றமே இல்லை. ஆனால், நாறுகிறதாமே என்று கேள்விப்பட்டவர்கள் மெய்தானா என்று திறந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு டெஸ்மண்டிடம் ஓடினார்கள். அவர் நியாயஸ்தர்; தானும் வந்து திறந்தார்.

“என்ன பெரில் இது, செத்த ஆடா?”

“ஏன், வீட்டுச் சாப்பாடு ஞாபகம் வந்துருச்சா? மொதல்ல மூடியை வைங்கய்யா!”

“சனிக்கிழமை தோட்டப் போட்டிக்கு நடுவருங்க வர்றாங்க. அதுக்குள்ள பீப்பா காலியாகணும். இல்லேன்னா உங்க நெலத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவோம். கமிட்டி முடிவு.”

“எந்தக் கமிட்டி? நீங்களும் உங்க மச்சானுமா? தொறக்காம இருந்தா நாறாதுன்னு பூட்டுப் போட்டேன். அதையும் ஒடைச்சீங்க!”

“நாறுதான்னு பாக்க வேணாமா?”

பெரில் திரும்பி நடந்தார். கூடத்துக்குள் போய்ப் பச்சைக் காய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பாதி ஊறியதைச் சாக்கடையில் கொட்டுவதா? கொட்டாமல் நிலத்தை இழப்பதா? இரண்டில் எதை நினைத்தாலும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றியது.

சனிக்கிழமை காலை பூவாளியோடு வந்தார். ஒரு பங்கு சாற்றுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் என்று கலந்து தக்காளிக்கு விட்டார்; மிச்சத்தைப் பூசணி, அவரை, முட்டைக்கோஸ் என்று நிலம் முழுக்க ஊற்றினார். காற்று வாயிற்பக்கம் அடித்தது. நடுவர்கள் வாயிலைத் தாண்டவில்லை.

“இன்னிக்கா ஊத்துவீங்க?” என்று கைக்குட்டைக்குள்ளிருந்து கத்தினார் டெஸ்மண்ட்.

நடுவர்கள் வருமுன்பே பெரில் பீப்பாயைக் காலி செய்திருந்தார்.