நூதனசாலைக்குப் போன செற்றி

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டு வரவேற்பறை ஒஸ்லோ நகரத்து நூதனசாலை ஒன்றுக்குக் குடிபோனது. மூன்று பேர் சாய்ந்திருக்கும் நீளச் செற்றி, கண்ணாடி அலுமாரி, பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட சாப்பாட்டு மேசை, நாலு கதிரை, யன்னல் சீலை எல்லாம் ஒரு வான் வண்டியில் ஏறிப் போயின. நாங்கள் மட்டும் நகரத்து ஓரத்தில் ரொம்மனில், மூன்றாம் மாடியில், இருந்த இடத்திலேயே இருந்தோம்.

இதற்குக் காரணம் எங்கள் வகுப்பு. அம்மாவும் அப்பாவும் விட்டுவந்த ஊரில் மறுபடியும் சண்டை தொடங்கியிருந்த வருடம் அது. இளவேனிலில் எங்கள் ஆசிரியை எங்களை அந்த நூதனசாலைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு நீண்ட நடையின் ஓரமாக, அந்தக் காலத்து ஒஸ்லோ வீடுகளின் அறைகளை அப்படியே அடுக்கி வைத்திருந்தார்கள். பியானோ வைத்த வைத்தியர் வீடு, கப்பற்காரரின் விதவை இருந்த அறை, ஆலைத் தொழிலாளியின் அடுப்பு வைத்த குசினி என்று வரிசையாகப் போய், பெரிய வானொலிப் பெட்டி வைத்த ஒரு வீட்டோடு முடிந்தது. ஒவ்வொரு வாசலிலும் குறுக்கே ஒரு தடித்த கயிறு. பொறுப்பாளர் ஓர் உயரமான பெண். மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டி நெஞ்சில் தொங்கவிட்டிருந்தார். இந்த வீடுகளில் எது உங்கள் வீட்டைப் போல இருக்கிறது என்று அவர் எங்களைக் கேட்டார். ஒருவரும் கை உயர்த்தவில்லை. கடைசியில் என் பக்கத்தில் நின்ற சோமாலியப் பிள்ளை, அந்த வானொலிக்குப் பிறகு ஒஸ்லோவில் ஒருவரும் குடியிருக்கவில்லையா என்று கேட்டாள். ஆசிரியையின் முகம் சிவந்துவிட்டது. பொறுப்பாளர் சிரிக்கவில்லை. சட்டைப் பையில் இருந்து ஒரு கொப்பியை எடுத்து அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டார்.

கோடை விடுமுறைக்கு முன் எல்லாப் பிள்ளைகளின் வீட்டுக்கும் நூதனசாலையில் இருந்து கடிதம் வந்தது. இன்றைக்கு இந்த நகரத்தில் வாழும் குடும்பம் ஒன்றின் அறையை வைக்கப்போகிறோம், பழைய தளபாடங்களைத் தர விருப்பமுள்ளவர்கள் அறிவியுங்கள் என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டுக்கு வரும் நோர்வேஜியக் கடிதங்களை உரத்து வாசித்துத் தமிழில் சொல்வது என்னுடைய வேலை. பள்ளிக்கூடக் கடிதம், வரிக் கடிதம், கட்டடச் சங்கத்துக் கடிதம் எதுவானாலும் அம்மா குசினியில் நின்றபடி "ம்" கொட்டிக் கேட்பார். அந்த வேலையில் எனக்குப் பெரிய பெருமை இருந்தது. அன்றைக்கும் வாசித்தேன். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, தருகிறோம் என்று அன்றைக்கே என்னைக்கொண்டு பதில் எழுதுவித்தார். அம்மா மட்டும், போயும் போயும் இந்தப் பழஞ்செற்றியையோ கொண்டுபோய் வைக்கப்போகினம் என்று கேட்டார்.

எங்கள் அறையைத்தான் எடுக்கப்போகிறார்கள் என்ற விஷயம் பரவியதும் தமிழ்ச் சங்கத்து மாமா ஒருவர் வந்தார். எங்கள் கலாசாரத்தை வெள்ளைக்காரருக்குக் காட்டக் கிடைத்த சந்தர்ப்பம், செற்றியும் பிளாஸ்டிக் விரிப்பும் வைத்தால் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்பட்டார். சங்க மண்டபத்தில் இருந்த பெரிய குத்துவிளக்கையும், யாரோ ஒருவர் வீட்டில் தந்தி அறுந்து கிடந்த வீணையையும் தானே ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அப்பாவும் அரை மனதாகச் சம்மதித்துவிட்டார். அடுத்த கிழமை பொறுப்பாளர் வந்து, எங்கள் செற்றியில் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு, இந்த விளக்கை எப்போது ஏற்றுவீர்கள் என்று கேட்டார். அப்பா பொய் சொல்லத் தெரியாமல் முழித்தார். உங்களிடம் இருப்பதே போதும், நூதனசாலையில் உண்மையாக இருப்பதைத்தான் எழுதவேண்டும் என்றார் அவர். அதைத் தமிழில் சொன்னது நான்தான். பத்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் இப்படியானவற்றைச் சொல்லும்போது பெரியவர்கள் கொஞ்சம் யோசிக்கவேண்டும். எனக்கு அது ஒரு சட்டமாகவே மனதில் பதிந்துவிட்டது.

ஒரு மாலை நூதனசாலையில் இருந்து வந்து, எங்கள் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒலிவாங்கி கட்டி, நாங்கள் சாப்பிடுவதைப் பதிவு செய்தார்கள். முதலில் மூன்று பேரும் ஒலிவாங்கியையே நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தோம். பிறகு அப்பா வேலையிடத்தில் நடந்த ஒரு பகிடியைச் சொல்ல அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அப்பா இரண்டு தரம் சம்பல் கேட்டார். அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் நன்றாகவே கதைத்தார்கள்.

ஓகஸ்டில் சாமான்கள் போயின. பள்ளிக்கூடம் தொடங்கியதும் புதுச் செற்றி எடுப்போம் என்று அப்பா சொல்லியிருந்தார். பள்ளிக்கூடம் தொடங்கியது. செற்றி வரமுன் அப்பாவுக்குத் தூரத்துத் துரொண்ட்ஹெய்ம் நகரத்தில் வேலை கிடைத்துவிட்டது. அப்படித்தான் எனக்குச் சொன்னார்கள். பெரிய பை ஒன்றோடு போனவர் முதலில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்தார், பிறகு மாதம் ஒருமுறை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி மட்டும் வந்தது. யாராவது கேட்டால் அப்பா வேலைக்குப் போய்விட்டார் என்று சொல்லவேண்டும் என்று அம்மா எனக்குச் சொல்லித்தந்தார். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில், கோயிலில், கடையில் எல்லா இடமும் சொன்னேன். அம்மாவும் சொன்னார். அப்பாவுக்கு இரவு வேலை, அப்பாவுக்குத் தடிமன் காய்ச்சல், அப்பா இப்போதுதான் படுத்தவர்.

வரவேற்பறை வெறுமையாகவே கிடந்தது. ஒரு பாய், காட்போட் பெட்டிக்கு மேலே தொலைக்காட்சி, அவ்வளவுதான். வாய் திறந்து ஏதாவது சொன்னால் சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. அம்மா வயோதிபர் இல்லத்தில் வேலை செய்தார். நான் திறப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து கதவைத் திறக்கும்போது வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அம்மா வர ஏழு மணி தாண்டும்.

ஒக்டோபரில் நூதனசாலையில் எங்கள் அறையைத் திறந்தார்கள். அதற்குப் பிறகு நான் அங்கே போகத் தொடங்கினேன். பிள்ளைகளுக்கு அனுமதி இலவசம். ரொம்மனில் சுரங்கரயில் ஏறினால் அரை மணித்தியாலத்தில் நகரத்துக்குள் போய்விடலாம். நடையின் கடைசியில் எங்கள் அறை இருந்தது. மஞ்சள் விளக்குப் போட்டு, எங்கள் வீட்டில் ஒரு நாளும் இருந்திராத துப்புரவோடு வைத்திருந்தார்கள். செற்றியின் கையில் நான் ஊற்றிய மைக் கறை அப்படியே இருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஆட்கள் இருக்க ஒரு வாங்கு போட்டிருந்தார்கள். அதில் இருந்து வீட்டுப்பாடம் செய்வேன். சுவரில் இருந்த பொத்தானை அமத்தினால் அன்றைக்குப் பதிவு செய்த எங்கள் குரல்கள் கேட்கும். மொத்தம் ஆறு நிமிடம். முடிந்ததும் திரும்ப அமத்துவேன். "பிள்ளை, கை கழுவினனியோ?" என்று அம்மாவின் குரல் கேட்கும்போது ஒவ்வொரு தடவையும் என் கைகளைப் பார்ப்பேன். நோர்வேஜியக் கிழவர்கள் சிலர் வந்து யன்னல் சீலை வடிவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இது எங்கள் வீடு என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் இங்கே தனியாக இருக்கிறாய் என்று கேட்பார்கள் என்ற பயம்.

கடைசியில் பொறுப்பாளர்தான் என்னைக் கண்டுபிடித்தார். ஜனவரியில் ஒருநாள், பூட்டுகிற நேரத்தில், என்னைப் பணியாளர்களின் குசினிக்குக் கூட்டிப்போய்ச் சூடான கொக்கோவும் பிஸ்கற்றும் தந்தார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். மற்றவர்களுக்குச் சொல்வதை அவருக்கும் சொல்லியிருக்கலாம். ஆனால் அது நூதனசாலை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, வாசலில் இருக்கிற பலகையில் அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் இந்த வீட்டில் வாழ்கிறார்கள் என்று எழுதியிருப்பது பிழை, அதை மாற்றவேண்டும் என்றும் சொன்னேன். அப்பா திரும்பி வந்ததும் மறுபடி மாற்றலாம்தானே என்பது என் கணக்கு.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெஞ்சில் தொங்கவிட்டு, கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"மற்ற அறைகளில் இருந்தவர்கள் எல்லாரும் இறந்துவிட்டார்கள்," என்றார். "அங்கே ஒருமுறை எழுதினால் போதும். உங்களுடையது உயிரோடு இருப்பவர்களின் வீடு. நாங்கள் அதை யோசிக்கவே இல்லை."

அம்மாவிடம் கேட்காமல் ஒரு சொல்லையும் மாற்றமுடியாது என்றும் சொன்னார். அடுத்த கிழமை கடிதம் வந்தது. ஒரு முழுப் பக்கம். மகள் சொன்னதாக அப்பாவைப் பற்றி எழுதி, பலகையில் அதைச் சேர்ப்பதா, பழையபடி விடுவதா, அல்லது அறையையே எடுத்துவிடுவதா, எதுவானாலும் உங்கள் விருப்பம், சேர்ப்பதற்குச் சம்மதம் என்றால் கீழே கையெழுத்து வையுங்கள் என்று எழுதியிருந்தார்கள். வாசிக்க வாசிக்க என் காது சூடேறியது. அம்மா கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். நான் உரத்து வாசிக்காமல் சுருக்கமாக, பலகையில் எழுத்தைக் கொஞ்சம் திருத்தப்போகிறார்களாம், சரியென்றால் கையெழுத்து வைக்கட்டாம் என்று சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினார். கையெழுத்து வைக்கத் தேவையான நேரத்தைவிடக் கூடுதலாக அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பேனை கேட்டார்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலையில் இருந்து நூதனசாலைக்குச் சுற்றுலா. பிள்ளைகளும் தாய் தகப்பன்மாருமாக முப்பது பேர் வரை வந்தார்கள். எங்கள் வீட்டைப் பார்க்கப் போவதால் அம்மாவும் வரத்தான் வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். அம்மா லீவு எடுத்து, நீலப் பட்டுச்சேலை உடுத்தி, அதற்குமேல் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பலகையை நினைத்து, எனக்கு உடம்புக்கு வருத்தம் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

அறைக்கு முன்னால் ஒரே ஆரவாரம். இதே செற்றி எங்கள் வீட்டிலும் இருந்தது என்று ஒருவர் சொல்ல, மேசை விரிப்பைப் பார்த்து இன்னொருவர் சிரித்தார். சங்கத்து மாமா குத்துவிளக்கு இல்லாத மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எங்கள் தமிழ்ப் பாடசாலை ரீச்சர் எதைக் கண்டாலும் பிள்ளைகளுக்கு வாசித்து விளங்கப்படுத்துகிறவர். பலகைக்குக் கிட்டப் போய், ஒவ்வொரு வசனமாக வாசித்துத் தமிழில் சொல்லத் தொடங்கினார். இந்தத் தளபாடங்கள் ரொம்மனில் வாழும் ஒரு குடும்பத்தினுடையவை. இவற்றைத் தந்தபோது வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். செப்டெம்பரில் இருந்து தகப்பன் துரொண்ட்ஹெய்மில் வேறாக வாழ்கிறார். தாயும் மகளும்...

அந்த இடத்தில் ரீச்சரின் குரல் நின்றது. முன்னால் நின்ற ஒரு சின்னப் பிள்ளை பொத்தானை அமத்திவிட்டது. சுவரில் இருந்து அப்பா இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டார்.

ரீச்சர் நல்லவர். உடனே அம்மாவின் பக்கம் திரும்பி, "மாறிப் பிழையாய் எழுதிப்போட்டினம் போலை கிடக்கு. சொன்னால் திருத்துவினம்தானே," என்றார். எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் அம்மாவின் குளிர்ச்சட்டையைப் பிடித்துக்கொண்டு, அவர் அந்தச் சொல்லைச் சொல்லவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"இல்லை ரீச்சர்," என்றார் அம்மா. "சரியாய்த்தான் எழுதியிருக்கினம். அவர் போய் ஆறு மாசமாகுது."

ஒரு மாமி கிட்ட வந்து அம்மாவின் கையைப் பிடித்தார். இன்னொருவர் தன் பிள்ளைகளை வைத்தியர் வீட்டுப் பக்கம் அவசரமாகத் தள்ளிக்கொண்டு போனார். சங்கத்து மாமா யன்னல் சீலையை ஆராய்ந்தார். பதிவில் நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அம்மா அந்த இடத்தைவிட்டு அசையாமல் நின்றார்.

மற்றவர்கள் பிறகு சாப்பிடப் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் ரயில் ஏறினோம். நாலைந்து நிறுத்தங்கள் தாண்டியபிறகு எனக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, நான்தான் நூதனசாலையிலை அவவுக்குச் சொன்னனான்."

"தெரியும். கடிதத்திலை இருந்தது."

"நீங்கள் வாசிச்சனீங்களோ?"

"வேலையிலை ஒவ்வொரு நாளும் அந்த மொழியிலைதானே பிள்ளை எழுதுறன்."

அவருடைய குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் கூடுதலாகப் பயப்படுத்தியது. வாசித்தவர் ஏன் கையெழுத்து வைத்தார். தெரிந்துகொண்டே வைத்தவர் ஏன் பட்டுச்சேலை உடுத்துக்கொண்டு இத்தனை பேருக்கு முன்னால் வந்து நின்றார். இத்தனை வருடமும் என்னிடம் ஏன் கடிதங்களை வாசிக்கச் சொன்னார். யன்னலுக்கு வெளியே பனி அழுக்காகக் கரைந்துகொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்தபோது பின்னேரம் மூன்று மணி. நல்ல வெளிச்சம். அம்மா சப்பாத்தைக் கழற்றிவிட்டு, குளிர்ச்சட்டையோடேயே வெறும் அறையில் கிடந்த பாயில் இருந்தார். பிறகு சரிந்து படுத்தார். கொஞ்ச நேரத்தில் வாய் திறந்து, மெல்லிய குறட்டை வந்தது. பகலில் அம்மா உறங்கி நான் ஒருநாளும் கண்டதில்லை. தொலைபேசி இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. அவர் அசையவில்லை. படுக்கை அறையில் இருந்து போர்வையை இழுத்துக்கொண்டு வந்து போர்த்திவிட்டேன். பக்கத்தில் இருந்து, மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். வெட்கத்தால் அம்மாவுக்கு ஏதோ வந்துவிட்டது, அதற்கு நான்தான் காரணம் என்று நிச்சயமாக நம்பினேன்.

ஆறு மாதத்தில் அவர் ஒருவருக்கும் ஒரு பொய்யும் சொல்லத் தேவையில்லாமல் கண்ணை மூடிய முதல் நாள் அது. ஒரு மனிதர் அதனாலும் அப்படி உறங்கலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. வெளிச்சம் மங்கி யன்னல் நீலமாகும்வரை பக்கத்தில் இருந்து, எழும்பிவிடுவார் என்ற நம்பிக்கையில், மெதுவாக "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.