ஏழு மார்க் வாங்கிய புரூஃப்காரம்மா

அச்சகத்தில் அவளுக்குப் பெயரே 'புரூஃப்காரம்மா'தான். நாற்பது வருஷமாகப் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறாள். கடைப் பலகையில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தால் போதும், அந்தக் கடைப் படியேற மாட்டாள். "எடை சரியா இருந்தா போதாதா உனக்கு?" என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எழுத்தை விட இரும்போடு பழகியவர்.

வேலையில் அவளுக்கு ஒரே சட்டம். எழுதினவன் என்ன சொல்லவந்தான் என்று பார்க்கவே கூடாது. தாளில் என்ன இருக்கிறதோ அதைத்தான் பார்க்கவேண்டும். மனசு தானாகச் சரிசெய்து வாசித்துவிட்டால் பிழை கண்ணெதிரே நின்று பல்லிளிக்கும், நமக்குத் தெரியாது.

அப்படிப்பட்டவளுக்கு அறுபத்து நாலு வயதில் ஒரு பயம் வந்து ஒட்டிக்கொண்டது. அக்காவால் வந்த பயம். அக்காவுக்கு இரண்டு வருஷமாக நினைவு தப்பிக்கொண்டிருந்தது. போன முறை பார்க்கப் போனபோது, "உக்காருங்கம்மா, என் தங்கச்சி இப்ப வந்துடுவா," என்று தங்கையிடமே சொன்னாள். புரூஃப்காரம்மா வீட்டுக்கு வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள். அடுத்த மாதம் எட்டாம் வகுப்பு அறிவியலில் ஒரு பிழை அவள் கண்ணுக்குத் தப்பி அச்சேறியது. அவ்வளவுதான், நமக்கும் ஆரம்பித்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வுக்கு ஆள் சேர்த்தார்கள். தேயிலை, திராட்சை விதை, மஞ்சள் இவற்றிலிருந்து எடுத்த சத்தை கேப்சூலில் அடைத்துக் கொடுத்தால், வயதானவர்களின் மூளை துருப்பிடிக்காமல் இருக்குமா என்று பார்க்கிற ஆய்வு. நினைவு கொஞ்சம் மங்கியவர்களைத்தான் எடுப்பார்கள். அதற்கு ஒரு பரீட்சை. கனத்த குரல்காரர் ஒருவர் பதினைந்து வார்த்தைகளை வாசிப்பார். கால் மணி நேரம் வேறு வேலை கொடுப்பார்கள். பிறகு நினைவிருப்பதை எழுதவேண்டும்.

அவள் வாங்கியது ஏழு. எடுத்துக்கொண்டார்கள்.

"சத்து உதவுமான்னு எங்களுக்கே இன்னும் தெரியாதும்மா. பாதிப் பேருக்குக் கொடுக்கிறது வெறும் மாவு," என்று ஆய்வை நடத்திய டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். அவளோ தினமும் இரண்டு பச்சைக் கேப்சூலை மருந்தைப் போலல்ல, பிடிமானத்தைப் போல விழுங்கினாள். அச்சக முதலாளியிடம், "இந்தப் புத்தகத்தோட நிறுத்திக்கிறேன்," என்று சொல்லியும் விட்டாள். வீட்டுக்காரர் எதிர்ப்பேச்சையே விட்டுவிட்டார். எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா." கட்டிக்கொண்ட நாளிலிருந்து கேட்காத சரிம்மா! அது அவளுக்குக் கேப்சூலை விடக் கசந்தது.

மூன்று மாதம் கழித்து இரண்டாவது பரீட்சை. இந்தத் தடவை கனத்த குரல்காரருக்குப் பதில் ஒரு பெண் வாசித்தாள். தாளை வாங்கிப் பார்த்த டாக்டரம்மா, மார்க்கைச் சொல்லக்கூடாது என்பதையும் மறந்து, "பதிமூணு!" என்று கத்தியேவிட்டார்.

"பாத்தியா! கேப்சூல் வேலை செஞ்சிருச்சு!" கூட வந்திருந்த வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

அவளுக்கும் நெஞ்சு பொங்கியது. ஆனால் பாழாய்ப்போன தொழில்புத்தி சும்மா இருக்குமா? "டாக்டர், என்னோட பழைய தாளைக் கொஞ்சம் காட்டுங்களேன்," என்றாள்.

பழைய தாளையும் வார்த்தைப் பட்டியலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். பட்டியலில் மழை, அவள் எழுதியிருந்தது மலை. பட்டியலில் கிளி, அவள் எழுதியிருந்தது கிலி. பள்ளிக்குப் பல்லி, குளத்துக்குக் குலம், விளக்குக்கு விலக்கு, அழகுக்கு அலகு. ஆறு பெருக்கல் குறிகள், சிவப்பு மையில்.

"அந்தக் கனத்த குரல்காரருக்கு எல்லா 'ல'வும் ஒண்ணுதானா?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா பட்டியலை எட்டிப் பார்த்தார். "ஆமாம்மா, அவர் நாக்கு அப்படித்தான். ஆனா மத்தவங்க எல்லாரும் சரியா எழுதியிருக்காங்களே?"

"அவங்க அவர் சொல்லவந்ததை எழுதியிருக்காங்க. நான் அவர் சொன்னதை எழுதியிருக்கேன். என்னடா, பரீட்சைல கிலியெல்லாம் வருதேன்னு அப்பவே நினைச்சேன்." விரலால் தொட்டு எண்ணினாள். "ஏழும் ஆறும் பதிமூணு. அன்னிக்கும் பதிமூணு, இன்னிக்கும் பதிமூணு."

டாக்டரம்மா இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை அடக்கி, "அப்ப உங்களை நாங்க சேர்த்திருக்கவே கூடாது. உங்க கணக்கை எடுத்துடறேன். கேப்சூலும் இனி வேண்டாம்," என்றார்.

"கேப்சூல்ல ஒண்ணுமே இல்லையா?" வீட்டுக்காரருக்கு மனசே வரவில்லை.

"இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆய்வு முடிஞ்சாதான் தெரியும். இவங்க விஷயத்துல அது ஏத்தவும் இல்ல, இறக்கவும் இல்ல." அவள் பக்கம் திரும்பினார். "பின்னாடி மறதியே வராதுன்னு நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. ஆனா இன்னிக்கு உங்க ஞாபகம் நல்லாவே இருக்கு. போய் வேலையைப் பாருங்க."

வெளியே வராந்தாவில் நாலு எட்டு நடந்ததும் வீட்டுக்காரர் அங்கிருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். கால் வலியோ என்று குனிந்து பார்த்தாள். மனுஷன் அழுதுகொண்டிருந்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை.

"ஒரு நாள் காலைல எந்திரிச்சு, நீங்க யாருன்னு என்னைக் கேட்டுடுவியோன்னு... மூணு மாசமா செத்து செத்துப் பிழைச்சேன்டி."

ஒருநாளும் கேக்கமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. நிச்சயம் தெரியாத ஒன்றுக்குச் சரி என்று குறி போட்டுப் பழக்கமில்லை அவளுக்கு. பக்கத்தில் உட்கார்ந்து, சிராய்ப்புத் தழும்பு நிறைந்த அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்குக் கேக்கல இல்ல?" என்றாள். "கண்ணைத் தொடைங்க. எனக்குப் பசிக்குது."